புதுக் காதுக்கு ஒரு கேசட்

ஹல்ஷ்காவுக்குப் பிப்ரவரியில் காது வந்தது.
காதுக்குப் பின்னே ஒரு பொத்தான்,
மண்டைக்குள் ஒரு கம்பிச்சுருள்.
தையல் ஆறி, சுவிட்சைத் தட்டிய அன்று
முதலில் கேட்டது தன் கோட்டின் ஜிப்பாம்.
"இத்தனை வருடமும் இப்படியா அலறியது?" என்றாள்.

மூன்று வயதுக் காய்ச்சல் கொண்டுபோனதை
நாற்பத்து நான்கில் மீட்டு வந்திருக்கிறாள்.
போஸ்னான் டிராம் பணிமனையில்
கிழிந்த இருக்கைக்கெல்லாம் அவள்தான் உறை தைக்கிறாள்.
நான் ஜன்னல் கழுவுகிறவன்.

மருத்துவமனை கொடுத்த தாளில் எழுதியிருந்தது:
பாட்டும் பழகுங்கள்.
முன்பே தெரிந்த பாட்டிலிருந்து தொடங்குங்கள்.
முன்பே தெரிந்த பாட்டு!
தாளை மடித்து மடித்து
ஊசி குத்திவைக்கிற அளவாக்கிவிட்டாள்.

ஆக, பொறுப்பு என் தலையில் விழுந்தது.
பரணிலிருந்து காலணிப் பெட்டியை இறக்கினேன்.
எண்பத்தாறாம் வருடம்.
லண்டனும் நியூயார்க்கும் ஊருக்கே பாடிக்கொண்டிருக்க
எங்கள் சமையலறையில், ரேடியோவின் வாயருகே
டேப்ரிக்கார்டரை வைத்து
மூச்சடக்கிப் பிடித்த ஒன்பது பாட்டுகள்.
ஒவ்வொன்றின் தலையிலும் அறிவிப்பாளர் குரலின் வால்.
நிஜப் பெயர் ஒன்றும் தெரியாது.
'கண்ணாடி உடைவது', 'அழுகிற ஆள்', 'குதிரை',
'அழகி, யாரென்று பிடிபடவில்லை' என்று
பென்சிலில் கிறுக்கியிருக்கிறேன்.

மதிய இடைவேளை.
பழுதுக்கு நின்ற டிராமின் கடைசி இருக்கை.
பந்தியில் பரிமாறுகிறவன்போல்
இது இனிப்பு, இது காரம் என்று முன்னுரை சொன்னேன்.
சிந்தசைசரைப் பற்றிச் சொன்னேன்.
முடியை ஊதிப் பெருக்கிய ஆண்களைப் பற்றிச் சொன்னேன்.
என் உதட்டையே பார்த்திருந்தவள்
"போதும், போடு" என்றாள்.

'குதிரை' ஓடியது.
தகர டப்பாவுக்குள் குளவி என்றாள்.
'அழகி' பாடினாள்.
சளிபிடித்த யாரோ குழாயைத் திருகுகிறார்கள் என்றாள்.
முப்பத்தெட்டு வருடக் காதல் எனக்கு அந்தக் குரல்மேல்.
கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பாட்டில் கையைத் தூக்கினாள்:
"யாரோ தும்மினார்கள்."

தும்மினான். என் அண்ணன் செஸ்வாஃப்.
பதிவைக் கெடுத்தானே என்று
அன்று கரண்டியோடு அவனைத் துரத்தினேன்.
மறுபடி போடச் சொன்னாள்.
நான்கு முறை தும்மினான்.
நான்காம் தும்மலுக்கு
இருவரும் ஒரே நேரத்தில் "நூறு வயசு" என்றோம்.

பிறகு டிரம் வந்தது.
அந்தப் பத்தாண்டின் டிரம்முக்குக் கூச்சம் கிடையாது,
கதவை அறைந்து சாத்திவிட்டுத் திரும்பி வந்து
மறுபடியும் அறையும்.
அவள் விரல் இருக்கைக் கம்பியில் இறங்கியது.
டும். ஒரு வெற்றிடம். டும் டும்.
"இன்னும் குளவிதான்" என்றாள்,
"ஆனால் குளவிக்கு நடை இருக்கிறது."

அப்புறம் கேட்டாள்: "என்ன பாடுகிறான்?"

சொல்ல வேண்டியதாயிற்று.
எனக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் ரஷ்யன்.
ஒன்பது பாட்டையும் ஒலி ஒலியாக விழுங்கியவன்,
ஒரு சொல்லும் செரிக்காமல்.

அவள் சிரித்த சத்தத்தில்
அவளே திடுக்கிட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள்.
"பன்னிரண்டு வருடம், ஈரக் கண்ணாடிக்கு அப்பால்
உன் உதட்டைப் படிக்கப் பார்த்தேன்.
ஒரு வார்த்தை சிக்கவில்லை.
ஏதோ வெளியூர்க் கடவுளிடம் முறையிடுகிறாய் என்று
மரியாதைக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்."

மறுநாள் காலை
ஜன்னலுக்கு வெளியே நுரையோடு நான், 'அழுகிற ஆள்' பாடியபடி.
உள்ளே பல்லிடுக்கில் ஊசியோடு அவள்.
கண்ணாடியை விரற்கணுவால் தட்டினாள்.
நுரையை வழித்துவிட்டுப் பார்த்தேன்.
ஊசியை எடுத்துவிட்டு, குரலில்லாமல், உதட்டால் மட்டும் சொன்னாள்:
தாளம் பிந்துகிறது.

வாளியைக் கீழே வைத்தேன்.
முதலிலிருந்து எடுத்தேன்.